இரவல் திரை: லப்டொப் ஏன் மொனிட்டர் ஆகுதில்லை?

கம்பஸில் வருடத்துக்கு ஒருதரமாவது யாரோ ஒருவர் கேட்கிற கேள்வி இது. "வீட்டில பழைய டெஸ்க்டொப் ஒண்டு கிடக்கு. மொனிட்டர் செத்துப்போச்சு. என்ர லப்டொப்பில எச்.டி.எம்.ஐ. போர்ட் இருக்குத்தானே? ரெண்டையும் ஒரு வயரால கொழுவினா டெஸ்க்டொப்பில ஓடுறது லப்டொப் ஸ்கிரீன்ல வருமோ?"

வராது. வயர் இரண்டு பக்கமும் வடிவாப் பொருந்தும். திரையில் மட்டும் ஒன்றும் தெரியாது. ரிப்பெயார் கடையில் கேட்டால் "அது அவுட்புட் மட்டும்தான் தம்பி" எண்டு ஒரு வரியில் கதையை முடிச்சிடுவினம். அந்தப் பதில் சரி. ஆனால் அது ஏன் அவுட்புட் மட்டும் ஆனது, எப்போது ஆனது, யாருடைய கணக்கில் ஆனது என்று கேட்டால் அது ஒரு வரலாற்றுக் கேள்வி. கலைப்பீடத்து ஆட்களுக்கு இதில் என்ன வேலை எண்டு நினைக்காதேங்கோ. ஒரு பொருளை அது செய்யப்பட்ட வேலைக்கு வெளியே எடுத்துப் பாவிக்கிறது என்பது யாழ்ப்பாணத்தில் ஒரு முழுத் தலைமுறையின் வாழ்க்கையாக இருந்தது. அந்த அனுபவத்தையும் இந்த எச்.டி.எம்.ஐ. ஓட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறதுதான் இந்தக் கட்டுரை.

1. திரை தனியாள்

முதல் கணினிகளை ஓட்டியவர்கள் எதிரில் இன்று நாம் பார்க்கிற மாதிரி ஒரு திரை இருக்கவில்லை. துளை போட்ட அட்டையைக் கொடுத்தால் விடை கடதாசியில் அச்சாகி வரும். 1961 இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரே பெரிய கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பங்கிட்டுப் பாவிக்கிற முறையைச் செய்து காட்டினார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் இருந்தது தட்டச்சு மெஷின் போல ஒன்று. கணினி வேறொரு அறையில் இருந்தது. பிறகு அந்தத் தட்டச்சு மெஷினின் இடத்துக்குத் திரை வந்தது. 1978 இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் விற்ற வி.டி. 100 என்கிற பெட்டியில் திரையும் விசைப்பலகையும் இருந்தன. ஆனால் உங்கட புரோகிராம் அதற்குள் ஓடாது. எங்கேயோ இருக்கிற கணினி சொல்வதைக் காட்டுவதும், நீங்கள் தட்டுவதைக் கொண்டுபோய்க் கொடுப்பதும்தான் அதன் வேலை.

1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் ஏங்கல்பார்ட் செய்து காட்டிய நிகழ்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேணும். மவுஸை உலகத்துக்கு அறிமுகப்படுத்திய நாள் என்றுதான் அது பெயர் பெற்றது. எங்கட கதைக்கு முக்கியமானது வேறொரு விசயம். ஏங்கல்பார்ட் மேடையில் பாவித்த கணினி மேடையில் இல்லை. கிட்டத்தட்ட 48 கிலோமீட்டர் தள்ளி மென்லோ பார்க்கில் இருந்தது. அங்கே சின்னச் சின்னத் திரைகளுக்கு முன்னால் டிவி கமராக்களை நிறுத்தி, கமரா பிடித்த படத்தை மைக்ரோவேவ் வழியாக மண்டபத்துக்கு அனுப்பினார்கள். மண்டபத்தில் இருந்தவர்கள் பார்த்தது ஒரு கணினித் திரையின் டிவிப் படத்தை. ஒரு மெஷினின் திரையை இன்னொரு இடத்துத் திரையில் காட்டுவது அந்த நாளிலேயே நடந்த விசயம்.

வீட்டுக்குள் கணினி வந்தபோதும் அப்படித்தான். 1976 இல் வந்த முதல் ஆப்பிளுக்குச் சொந்தத் திரை இல்லை. 1982 இல் பிரித்தானியாவில் வந்த சின்கிளேர் ஸ்பெக்ட்ரமும் அமெரிக்காவில் வந்த கொமடோர் 64 உம் வீட்டு டிவியின் அன்டெனா ஓட்டையில் கொழுவப்பட்டன. அப்பா செய்தி பார்த்து முடியும்வரை பிள்ளை கேம் விளையாடக் காத்திருந்த காலம் அது. டிவி யாரையும் "நீ யார்?" என்று கேட்கவில்லை. கூரையில் இருந்து வருகிற வயரோ, டெக்கில் இருந்து வருகிற வயரோ, கணினியில் இருந்து வருகிற வயரோ, எல்லாம் அதற்கு ஒன்றுதான்.

இலங்கையில் டிவியே பிந்தித்தான் வந்தது. ஐ.ரி.என். 1979 இல், ரூபவாஹினி 1982 இல். அங்கே டிவியில் கணினியைக் கொழுவிக்கொண்டிருந்த வருடங்களில் இங்கே டிவி இருக்கிற வீட்டைத் தேடிப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள்.

2. பிணைச்சல் வந்த கதை

திரையும் கணினியும் ஒரே உடம்பாகியது தூக்கிக்கொண்டு திரிய வேண்டும் என்ற ஆசையால். 1981 இல் வந்த ஒஸ்போர்ன் 1 பதினொரு கிலோ அளவில் நிறை கொண்டது. திரை வெறும் 5 அங்குலம். 1982 இல் பில் மொக்ரிட்ஜ் வடிவமைத்த கிரிட் கொம்பஸ் புத்தகம் மாதிரி மூடித் திறந்தது. இன்று உங்கட மடியில் இருக்கிற லப்டொப்பின் பிணைச்சல் அங்கிருந்து வருகிறது.

இந்த வகை மெஷின் ஒன்றைப் பாவித்தவர்களில் மிகப் பிரபலமானவர் ஒருவர் கொழும்பில் இருந்தார். அறிவியல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், 1983 இன் பிற்பகுதியில் இருந்து கெய்ப்ரோ என்கிற பெட்டிக் கணினியை வைத்து, டெலிபோன் வயர் வழியாக அமெரிக்க இயக்குநர் பீட்டர் ஹயம்ஸுடன் "2010" படத்தின் திரைக்கதையைப் பேசினார். அந்தக் கடிதங்கள் பிறகு புத்தகமாகவும் வந்தன. அதே 1983 இன் ஜூலையில் அதே கொழும்பில் தமிழருக்கு என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரே நகரம், ஒரே வருடம். ஒரு வீட்டில் இருந்து கடல் தாண்டித் திரையோடு திரை பேசியது. எத்தனையோ வீடுகளில் திரை, புத்தகம், ஆள் எல்லாம் எரிந்தது. தொழில்நுட்ப வரலாற்றை எழுதுபவர்கள் இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுவது குறைவு.

இனி, லப்டொப்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மதர்போர்டில் இருந்து ஒரு மெல்லிய வயர் பிணைச்சலுக்குள்ளால் போய்த் திரையின் பனலில் முடிகிறது. அந்த வயரில் போகிற சிக்னல் எச்.டி.எம்.ஐ. இல்லை, பனலுக்கு மட்டும் விளங்குகிற வேறு வகை. கடையில் வாங்குகிற மொனிட்டருக்குள் ஒரு சின்னப் போர்ட் இருக்கும். அது வெளியில் இருந்து வருகிற எச்.டி.எம்.ஐ. சிக்னலை வாங்கி, பனலுக்கு விளங்குகிற மாதிரி மாற்றிக் கொடுக்கும். லப்டொப்புக்குள் அந்த மொழிபெயர்ப்பாளர் இல்லை, தேவைப்படவும் இல்லை. பக்கத்தில் இருக்கிற எச்.டி.எம்.ஐ. போர்ட்டின் பின்னால் இருப்பது அனுப்புகிற சுற்று மட்டும். ஆகவே டெஸ்க்டொப்பையும் லப்டொப்பையும் கொழுவினால் இரண்டு பேர் மைக்கைப் பிடித்துக் கதைக்கிற மாதிரி. கேட்க ஆள் இல்லை.

இன்னொன்றும் உண்டு. மொனிட்டரைக் கொழுவியவுடன் அது முதலில் தன்னை அறிமுகப்படுத்தும்: இன்ன கம்பனி, இன்ன அளவு, இவ்வளவு புள்ளிகள் என்று. 1994 இல் இருந்து இதற்கு ஒரு பொது முறை இருக்கிறது. 2002 இல் எச்.டி.எம்.ஐ. வந்தபோது இதோடு இன்னொரு சோதனையும் சேர்ந்தது. படக் கம்பனிகளின் படங்களை ஆட்கள் கொப்பி அடிக்காமல் இருக்க, காப்புள்ள படமென்றால் எதிர்ப்பக்கம் அனுமதி பெற்ற கருவிதானா என்று கேட்டுப் பார்த்த பிறகுதான் படம் போகும். பழைய டிவி கேட்காத "நீ யார்?" என்ற கேள்வி இப்படித்தான் வயருக்குள் வந்தது.

அப்படியென்றால் லப்டொப்பை மொனிட்டர் ஆக்குவது முடியாத காரியமா? இல்லை, செய்து காட்டியிருக்கிறார்கள். ஆப்பிளின் பவர்புக் 100, 1991 இலேயே இன்னொரு கணினிக்கு வெளி டிஸ்க்காக வேலை செய்தது. 2009 இல் இருந்து 2014 வரை வந்த சில ஐமக் கணினிகளை இன்னொரு கணினிக்கு மொனிட்டராகப் பாவிக்கலாம். 5கே திரை வந்ததோடு அந்த வசதியை ஆப்பிள் எடுத்துவிட்டது, அவ்வளவு சிக்னலைக் கொண்டுபோக அன்று ஒரு வயரால் ஏலாது. 2011 அளவில் வந்த ஏலியன்வெயார் கேமிங் லப்டொப்கள் சிலதில் எச்.டி.எம்.ஐ. உள்வாங்கும் போர்ட்டே இருந்தது. கேம் பெட்டியைக் கொழுவி விளையாடுகிறவர்களுக்காக வைத்தது, விலையும் அதற்கேற்ற விலை.

ஆகவே காரணம் இயற்பியல் இல்லை, கணக்கு. ஒரு சின்னப் போர்ட்டும் ஒரு சுவிட்சும் கூடுதலாகப் போட வேண்டும். கேட்கிற ஆட்கள் குறைவு. கேட்கிற ஆளும் இன்னொரு மொனிட்டர் வாங்கலாம்தானே என்பது அந்தக் கணக்கு. மொனிட்டர் ஒன்று வாங்குவது பெரிய செலவில்லாத ஊரில் போட்ட கணக்கு அது.

3. தலைகீழாக நின்ற சைக்கிள்

1990 ஜூனில் இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கியதோடு யாழ்ப்பாணத்துக்கு லக்சபானா கரண்ட் நின்றது. பெற்றோல், டீசல், பற்றரி, சவர்க்காரம் என்று தடைப் பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் தங்க விலை விற்றது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் மண்ணெண்ணெயும் விட்டு, மெல்லிய திரி போட்டு எரித்த விளக்கைப் பற்றி எங்கட வீடுகளில் கேட்காத ஆள் இருக்க ஏலாது. கார்புரேட்டருக்கு ஒரு சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களும் அப்படியே.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது சைக்கிள் டைனமோ. வீட்டுக்கு வீடு கொஞ்சம் வித்தியாசமாகச் சொல்லுவினம், ஆனால் அடிப்படை ஒன்றுதான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, அல்லது ஸ்டாண்டில் விட்டு, பெடலைச் சுற்றினால் பின் சில்லு சுழலும். சில்லில் உரசிக்கொண்டிருக்கிற டைனமோ கரண்ட் தரும். அதில் இருந்து வயர் எடுத்து ரேடியோவுக்குக் கொடுத்தால் பிபிசி தமிழோசை, வெரித்தாஸ், திருச்சி வானொலி எல்லாம் கேட்கலாம். செய்தி முடியும்வரை யாராவது சுற்றிக்கொண்டே இருக்கவேணும்.

இதன் உள் விசயத்தைக் கொஞ்சம் பாருங்கோ. சைக்கிள் டைனமோ வழமையாக 6 வோல்ட், 3 வாட் அளவு கரண்ட் தரும். நாலு பற்றரி போடுகிற ரேடியோவுக்குத் தேவையானதும் 6 வோல்ட். ஒரு சிக்கல்: டைனமோ தருவது மாறி மாறி ஓடுகிற கரண்ட், ரேடியோவுக்கு வேண்டியது ஒரே பக்கமாக ஓடுகிற கரண்ட். இடையில் டயோட் போட வேண்டும். பழைய ரேடியோ ஒன்றின் உள்ளே இருந்து கழற்றினால் போதும். டைனமோ லைற்றுக்குச் செய்யப்பட்டது. ரேடியோ பற்றரிக்குச் செய்யப்பட்டது. இரண்டையும் செய்த கம்பனிகள் ஒன்றையொன்று கேள்விப்பட்டிருக்கவும் மாட்டா. ஆனாலும் ஒரு டயோட் நடுவில் நின்று இரண்டையும் சேர்த்துவைத்தது.

எச்.டி.எம்.ஐ. ஓட்டையையும் டைனமோவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். டைனமோ எதையும் கேட்கவில்லை. வோல்ட் சரியா, பக்கம் சரியா என்பது மட்டும்தான் கேள்வி. அதைத் தீர்க்கிற அறிவு ஒரு ஒழுங்கைக்குள் கிடைத்தது: ரேடியோ திருத்துகிற அண்ணை, பௌதிகம் படிப்பிக்கிற சேர், ஏ.எல். படிக்கிற பெடியன். இன்று எங்கட கையில் இருக்கிற மெஷின் அதைவிட ஆயிரம் மடங்கு கெட்டித்தனமானது. ஆனால் அதன் உள்ளே போய் ஒரு டயோட் போடுகிற இடம் ஒழுங்கைக்குள் இருக்கிற ஆட்களுக்குச் சுருங்கிக்கொண்டே வருகிறது.

4. வாடகைத் திரையும் முற்றமும்

அதே வருடங்களில் யாழ்ப்பாணத்தில் திரைக்கும் ஒரு வரலாறு இருந்தது. டிவி இருந்தது, கரண்ட் இல்லை. எனவே டிவி, டெக், ஜெனரேட்டர் மூன்றையும் ஒரு இரவுக்கு வாடகைக்கு எடுத்து, வீட்டு முற்றத்திலோ விறாந்தையிலோ வைத்து, விடியவிடிய மூன்று நாலு படம் ஓட்டுவார்கள். எரிபொருளுக்குப் பங்குக்காசு. பாய் விரித்துச் சனம் இருக்கும். கலியாண வீடு, சாமத்திய வீடு, சும்மா ஒரு சனிக்கிழமை, எதுவும் காரணமாகலாம். ஒரு ஒழுங்கைக்கு ஒரு திரை. டெக்கில் இருந்து டிவிக்குப் போன அந்த வயர், ஸ்பெக்ட்ரம் கணினியில் இருந்து பிரித்தானிய வீட்டு டிவிக்குப் போன வயரின் சொந்தக்காரன்தான்.

இதை நினைத்து "எவ்வளவு ஒற்றுமையாக இருந்தம்" எண்டு சொல்லுறது எங்கட பெரியாக்களின் வழக்கம். அதில் உண்மை இருக்கு. ஆனால் முற்றம் எல்லாருக்கும் ஒரே மாதிரித் திறந்திருந்தது என்று எழுதினால் அது பொய். 1968 இல் மாவிட்டபுரம் கோயிலுக்குள் நுழையப் போராட வேண்டியிருந்த ஊர் இது. தேநீர்க் கடையில் சரிசமமாகக் குவளை கேட்டதற்கே அடி வாங்கிய ஆட்கள் இருந்த ஊர். 90களில் சாதி காற்றில் கரைந்துவிடவில்லை. யார் பாயில் இருந்தார்கள், யார் வேலிக்கு அங்காலே நின்று பார்த்தார்கள், யாரை யாரும் கூப்பிடவே இல்லை என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் அந்த வாடகைத் திரையின் வரலாறு முழுசாகும். பெண்கள் எவ்வளவு நேரம் இருந்து பார்த்தார்கள், எத்தனை பேர் குசினியில் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வசனத்தை மட்டும் கேட்டார்கள் என்பதும் அந்த வரலாற்றில் சேர்த்தி.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் வெறுமையானது. செம்மணி, நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்த சனத்தின் கையில் இருந்தது சைக்கிளில் கட்டக்கூடிய பொருள் மட்டும். பெரிய டிவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அந்த நெரிசலில் போக ஏலாது. திரைகள் வீட்டிலேயே நின்றன. திரும்பி வந்தபோது எத்தனை வீடுகளில் இருந்தன என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு கதை.

5. ஏ9 இல் வந்த கொம்பியூட்டர்

2002 இல் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்து ஏ9 வீதி திறந்தபோது கொழும்புச் சாமானோடு கணினியும் தாராளமாக வரத் தொடங்கியது. பெரிய கண்ணாடிக்குழாய் மொனிட்டர், அதன் பக்கத்தில் நிற்கிற பெட்டி, துணியால் தைத்த உறை. வீட்டு ஹோலில் சாமிப்படத்துக்கு அடுத்த மரியாதை அதற்குத்தான். ரவுணில் நெற் கபே வந்தது. கனடா, லண்டனில் இருக்கிற பிள்ளையின் முகத்தை வெப்காமில் பார்க்க அம்மாக்கள் மணித்தியாலக் கணக்குக்குக் காசு கட்டினார்கள். அதுவும் வாடகைத் திரைதான், இம்முறை ஒரு ஆளுக்கு ஒரு கதிரை. 2006 ஓகஸ்டில் ஏ9 மறுபடி பூட்டுப்பட்டது. உதிரிப்பாகமோ புது மெஷினோ கப்பலிலும் பிளேனிலும்தான் வரவேண்டியிருந்தது. இருக்கிறதைத் திருத்தி ஓட்டுகிற பழக்கம் திரும்பவும் தேவைப்பட்டது.

எங்கட தலைமுறைக்கு இது புத்தகக் கதையாக இருந்திருக்கலாம். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டவுடன் கம்பஸ் மூடி, பாடம் சூமுக்கு மாறியது. பல்கலைக்கழகச் சேர்வருக்குப் போகிற டேட்டாவை இலவசமாக்கினார்கள், அது பெரிய உதவி. ஆனால் திரையை யாரும் இலவசமாகத் தரவில்லை. ஒரு வீட்டில் மூன்று பேர் படித்தால் ஒரு போனை மூன்றாகப் பிரிக்க வேண்டும். அக்காவுக்கு விரிவுரை, தம்பிக்கு ரியூசன், தங்கச்சிக்குப் பள்ளிக்கூடம். போன் திரையில் ஐம்பது பக்கப் பி.டி.எஃப். வாசித்த கண்களுக்குத்தான் ஒரு 15 அங்குலத் திரையின் பெறுமதி தெரியும். அப்போதுதான் கனபேர் சாக்கு மூட்டைக்குப் பின்னால் கிடந்த பழைய டெஸ்க்டொப்பைத் தேடி எடுத்தார்கள்.

பிறகு 2022. மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. மார்ச் 31 அன்று நாடு முழுக்க 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. தெற்கில் இருக்கிற நண்பர்களுக்கு அது வாழ்க்கையில் காணாத விசயம். எங்கட வீடுகளில் அம்மம்மாக்கள் ஒன்றும் பேசாமல் போத்தலைத் தேடி எடுத்தார்கள். அந்தக் காலத்தில் லப்டொப் ராசா, டெஸ்க்டொப் வெறும் பெட்டி, ஏனென்றால் லப்டொப்புக்குத்தான் பற்றரி இருந்தது. கரண்ட் ஒழுங்காக வரத் தொடங்கிய பிறகு நிலைமை தலைகீழானது. பழைய லப்டொப்புகளின் பற்றரி படுத்துவிட்டது, புதிது வாங்கக் காசில்லை. டெஸ்க்டொப் இருக்கிறது, மொனிட்டர் இல்லை. முதலில் சொன்ன கேள்வி இப்படித்தான் கம்பஸில் இவ்வளவு பேரின் கேள்வியானது.

6. டயோட் போடுகிற இடம்

முடியாது என்று சொல்லிவிட்டுப் போனால் சரியில்லை. எங்கட காலத்து டயோட்டுகள் சில இருக்கின்றன.

முதலாவது, வயரை விட்டு நெட்வேர்க்கால் போவது. 1984 இல் எம்.ஐ.டி.யில் தொடங்கிய எக்ஸ் விண்டோ, 1998 இல் கேம்பிரிட்ஜில் இருந்து வெளியான வி.என்.சி., விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டொப், எல்லாம் வி.டி. 100 இன் பேரப்பிள்ளைகள். டெஸ்க்டொப் ஒரு மூலையில் ஓடும், லப்டொப் அதைக் காட்டும். ஒரே ரவுட்டரில் இருந்தால் இன்ரர்நெற் டேட்டா செலவாகாது. குறை என்னவென்றால், டெஸ்க்டொப் முழுசாக ஸ்டார்ட் ஆகி நெட்வேர்க்கில் வந்தால்தான் படம் தெரியும். முதலில் அதை அமைப்பதற்கு ஒரு மொனிட்டரை யாரிடமாவது ஒரு நாளுக்கு இரவல் வாங்கவேணும். வீட்டு விண்டோஸ் பதிப்பில் ரிமோட் டெஸ்க்டொப்பை உள்ளே அனுமதிக்கிற வசதி இல்லை, ஆகவே வி.என்.சி. நல்லது.

இரண்டாவது, விண்டோஸ் 10 இல் இருந்து இருக்கிற "இந்தக் கணினிக்குக் காட்டு" என்கிற வசதி. இரண்டிலும் வைஃபை இருந்தால் லப்டொப் வயரில்லாத் திரையாக நிற்கும். பழைய டெஸ்க்டொப்பில் வைஃபை இருக்காது என்பதுதான் இதில் சிக்கல்.

மூன்றாவது, யு.எஸ்.பி. கப்சர். ஒரு விரல் அளவுப் பொருள். டெஸ்க்டொப்பின் எச்.டி.எம்.ஐ. சிக்னலை வாங்கி, லப்டொப்புக்கு "நான் ஒரு வெப்காம்" என்று சொல்லி உள்ளே அனுப்பும். வி.எல்.சி. யில் திறந்து பார்க்கலாம். ஸ்டார்ட் ஆகிற முதல் எழுத்தில் இருந்து தெரியும். ஒரு கணம் பிந்தித்தான் வரும், கேம் விளையாட ஏலாது, ஒப்படை எழுதப் போதும். ஏங்கல்பார்ட் திரைக்கு முன்னால் டிவிக் கமராவை நிறுத்தினது நினைவிருக்கா? அதே யோசனைதான், கமரா மட்டும் இல்லை.

நாலாவது, மதர்போர்ட் செத்த லப்டொப்பின் பனலைக் கழற்றி அதை நிரந்தர மொனிட்டர் ஆக்குவது. பனலின் பின்பக்கம் ஒரு மொடல் இலக்கம் இருக்கும். அதற்குப் பொருத்தமான கன்ட்ரோலர் போர்ட்டை வாங்கினால், லப்டொப்பில் இல்லாமல் போன அந்த மொழிபெயர்ப்பாளர் கிடைத்துவிடுவார். இலக்கம் பிழைத்தால் வேலை செய்யாது. 2009 அளவுக்கு முந்திய லப்டொப் என்றால் திரைக்குப் பின்னால் எரிகிற மெல்லிய குழாய் விளக்குக்கு நூற்றுக்கணக்கான வோல்ட் போகும். தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாமல் கை வைக்காதேங்கோ. தமிழ்நாட்டில் 2011 இல் இருந்து அரசாங்கம் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு இலவச லப்டொப் கொடுத்தது. அதற்கு முன் 2006 இல் இலவசக் கலர் டிவி. அந்த லப்டொப்புகளில் பழசானவற்றின் பற்றரியும் போர்ட்டும் முதலில் போகும். பனல் பெரும்பாலும் உயிரோடு இருக்கும். குப்பைக்குப் போகிற திரைகளில் எத்தனை இன்னும் வெளிச்சம் தரும் என்று யோசித்துப் பார்க்கவேணும்.

7. "நாங்கள் ஜாம் போத்தலில படிச்சனாங்கள்"

இந்த வசனத்தைக் கேட்காமல் யாழ்ப்பாணத்தில் ஒருவரும் ஏ.எல். எடுத்ததில்லை. வெளிநாட்டில் இருந்து வருகிற மாமாவும் சொல்லுவார், உள்ளூர்ச் சித்தப்பாவும் சொல்லுவார். கருத்து என்னவென்றால், அவ்வளவு கஷ்டத்தில் நாங்கள் படித்தோம், எல்லாம் இருந்தும் நீங்கள் படிக்கிறீர்கள் இல்லை.

அவர்கள் பட்ட கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டன். ஆனால் அந்த வரலாறு எங்களைப் பேசாமல் இருக்கச் செய்கிற தடியாக மாறும்போது இரண்டு விசயம் காணாமல் போகிறது. ஒன்று, ஜாம் போத்தலும் டைனமோவும் ஒரு பண்பாட்டின் பெருமையாகத் தொடங்கியவை இல்லை. பற்றரியைத் தடை செய்த ஒரு அரசு இருந்ததால் வந்தவை. பெருமைப்படலாம், அதற்கு முதல் கோபப்படவும் வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கும் "உங்களுக்கு ஒண்டும் தேவையில்லை, நீங்கள் சமாளிப்பீங்கள்" எண்டு சொல்ல வசதியாகிவிடும். 2022 இல் மின்வெட்டு வந்தபோது "வடக்கு ஆக்களுக்கு இது பழக்கம்தானே" என்று சிரித்துக்கொண்டு சொன்னதை நாங்கள் எல்லாரும் கேட்டோம்.

இரண்டாவது, கதையில் கஷ்டம் மிஞ்சி, வேலை மறைந்துபோகிறது. எத்தனை பேர் டைனமோ ரேடியோவைப் பற்றிச் சொல்லுவினம். டயோட் எங்க போட்டது, யார் சொல்லித் தந்தது, பெடலை யார் சுற்றினது எண்டு கேட்டால் சொல்ல ஆள் குறைவு. பெரும்பாலும் சுற்றினது வீட்டில் இருந்த சின்னப் பிள்ளை. வயரைக் கொழுவினது பெயர் தெரியாத ஒரு ரேடியோக் கடை அண்ணை. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிமத் தளத்தில் எங்கட புத்தகங்கள், பத்திரிகைகள், மலர்கள் ஆயிரக்கணக்கில் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. 1981 இல் ஒரு நூலகத்தை எரியக் கொடுத்த சமூகத்துக்கு அது சின்ன விசயம் இல்லை. ஆனால் அச்சில் ஏறாத அறிவு அங்கும் ஏறுவது கஷ்டம். ஒரு வயரை எப்படிக் கொழுவினார்கள் என்று யாரும் நினைவுமலரில் எழுதுவதில்லை.

ஆகவே அடுத்தமுறை மாமா ஜாம் போத்தலைத் தொடங்கினால் எழும்பிப் போகாமல் கேள்வி கேட்போம். திரி எதில செய்தது? எத்தனை மணித்தியாலம் எரியும்? ரேடியோவுக்கு எந்த வயரை எடுத்தனீங்கள்? டெக் வாடகை யாரிட்ட? ஜெனரேட்டருக்கு என்ன ஊத்தினது? யார் வேலிக்கு வெளியில நிண்டது? பதிலைப் போனில் பதிவு செய்து வைப்போம். அதேபோல, எங்கட மெஷின் செத்தால் கடையில் அப்படியே விட்டுவிட்டு வராமல் பனலைக் கழற்றித் தரச் சொல்லிக் கேட்போம். அது நாங்கள் காசு கொடுத்து வாங்கின பொருள். பின்பக்கத்து இலக்கத்தைப் படம் எடுத்து வைத்தால் ஒரு நாள் உதவும்.

மூன்றாம் வருடத்தில் யாரிடமாவது பழைய டெஸ்க்டொப் இருக்கிறது, திரை இல்லை என்றால் எங்கட கூட்டத்தில் சொல்லுங்கோ. ஒரு கப்சர் வயரைச் சேர்ந்து வாங்கினால் ஒரு பட்ச்சே மாறி மாறிப் பாவிக்கலாம். யாருக்கு எப்போது ஒப்படை இறுதி நாள் என்று ஒரு பட்டியல் போட்டால் சரி.